காலை ஆட்டாதே என்று திட்டுவதற்கு முன் ஒரு ஃபெரிட்டின் டெஸ்ட்

"காலை ஆட்டாதே, வீட்டுக்குத் தரித்திரம்!"

தமிழ்நாட்டில் பிறந்த யாரும் இந்த வசனத்தைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. தாத்தா சொல்வார், அத்தை சொல்வார், டியூஷன் வாத்தியார் ஸ்கேலை எடுத்துக்கொண்டே சொல்வார். உட்கார்ந்த இடத்தில் முட்டியை ஆட்டுகிறவர்கள் பெரும்பாலும் வெறும் பழக்கத்தால்தான் ஆட்டுகிறார்கள். பரீட்சை ஹாலில் பெஞ்சே அதிரும் அளவுக்கு ஆட்டுகிற பையனுக்கு நோய் எதுவும் இல்லை, ஒழுங்காகப் படிக்கவில்லை என்ற பயம் மட்டும்தான் :-) அவனைப் பற்றி இங்கே பேச்சில்லை.

பேச்சு இன்னொருவரைப் பற்றி. இரவு பத்தரைக்குச் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு வந்து படுக்கிற ஓர் அம்மா. படுத்த பத்தாவது நிமிடம் முழங்காலுக்குக் கீழே ஆரம்பிக்கிறது. தோலில் இல்லை, உள்ளே, எலும்புக்குப் பக்கத்தில், ஏதோ ஊர்வது போல, நமநமவென்று... காலை நீட்டி மடக்கினால் சட்டென்று சரியாகிறது. நிறுத்தினால் மறுபடியும். எழுந்து ஹாலில் நடந்தால் போய்விடுகிறது. படுத்தால் திரும்ப வருகிறது. இப்படியே மணி ஒன்று, இரண்டு, மூன்று. காலை ஐந்தரைக்குப் பால் பாக்கெட் வந்துவிடும்.

இதற்கு மருத்துவத்தில் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம் என்று பெயர். சுருக்கமாக ஆர்.எல்.எஸ். பெயர் இங்கிலீஷில் இருப்பதால் இது ஏதோ அமெரிக்கப் பணக்காரர்களின் வியாதி என்று நினைத்துவிட வேண்டாம். தமிழில் இதற்கு எப்போதோ பெயர் வைத்தாகிவிட்டது: கால் குடைச்சல். "ராத்திரி ஆனா கால் குடையுதுடா, ஏறி மிதி" என்று பேரனைக் கூப்பிடும் பாட்டிகள் எத்தனை பேர்! புடவைக் கிழிசலை எடுத்துக் கெண்டைக்காலில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தூங்குபவர்கள் எத்தனை பேர்! குடைச்சல் என்று சொல்கிற எல்லோருக்கும் ஆர்.எல்.எஸ். என்று அர்த்தம் இல்லை. மூட்டுத் தேய்மானத்தையும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் இவர்களும் இருக்கிறார்கள், யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

பிரித்துப் பார்ப்பது கஷ்டமா? இல்லவே இல்லை. இதற்கு ஸ்கேன் கிடையாது, எம்.ஆர்.ஐ. கிடையாது. கேட்டாலே போதும். காலை அசைத்தே ஆக வேண்டும் என்ற தவிப்பு வருகிறதா? சும்மா உட்கார்ந்தால், படுத்தால்தான் வருகிறதா? அசைத்தால், நடந்தால் குறைகிறதா? பகலைவிட மாலையும் இரவும் அதிகமா? நான்குக்கும் ஆமாம் என்றால், சதைப் பிடிப்பு, சர்க்கரை நோயால் வரும் நரம்புப் பாதிப்பு, கால் மரத்துப் போவது போன்ற வேறு காரணம் இல்லை என்று பார்த்துவிட்டால், முடிந்தது. மூன்று நிமிட வேலை. ஆனால் இந்த மூன்று நிமிடம்தான் கிடைப்பதில்லை. "கால் குடையுதுங்க டாக்டர்" என்று ஆரம்பித்தவுடன் ஒரு கால்சியம் மாத்திரை, ஒரு சத்து ஊசி, "வயசாச்சுல்லம்மா" என்ற ஆறுதல். முடிந்தால் "டென்ஷன் ஆகாதீங்க". காலைப் பற்றிக் கேட்டால் மனசைப் பற்றிப் பதில் வருகிறது!

வரலாறு கொஞ்சம். 1672-லேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் இந்த நோயை எழுதிவைத்துவிட்டார். படுக்கையில் கை கால்கள் துள்ளுவதும், சித்திரவதைக் கூடத்தில் இருப்பவரைப் போலத் தூங்க முடியாமல் தவிப்பதும் அதில் இருக்கிறது. பிறகு ஏறத்தாழ முந்நூறு வருடம் பெரிய சத்தம் இல்லை. 1944, 1945-இல் ஸ்வீடன் நாட்டு நரம்பியல் மருத்துவர் கார்ல்-ஆக்செல் எக்போம்தான் நோயாளிகளை உட்கார வைத்துக் கேட்டு, விரிவாக எழுதி, 'ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்' என்ற பெயரையும் கொடுத்தார். அதே ஸ்வீடனில் 1953-இல் நார்ட்லாண்டர் என்ற மருத்துவர் இந்த நோயாளிகளுக்கு இரும்புச் சத்தை ஊசி மூலம் ரத்தத்தில் ஏற்றிப் பார்த்தார். பெரும்பாலோருக்குக் குணம் தெரிந்தது. 1953! இந்த வருடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

இதற்கு நேர் எதிராக இன்னொரு கூட்டம் உண்டு. "இதெல்லாம் மருந்துக் கம்பெனி கண்டுபிடித்த வியாதி சார்" என்பவர்கள். இவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்கிவிட முடியாது, பாதி நியாயம் இருக்கிறது. 2005 மே மாதம் அமெரிக்காவில் கிளாக்ஸோ கம்பெனியின் ரோபினிரோல் என்ற மாத்திரைக்கு ஆர்.எல்.எஸ். நோய்க்காக அனுமதி கிடைத்தது. அது ஏற்கனவே பார்கின்சன் நோய்க்கு விற்றுக்கொண்டிருந்த மாத்திரை. பழைய சரக்குக்குப் புது மார்க்கெட். பி.காம். முதல் வருட மார்க்கெட்டிங் புத்தகத்தில் வரும் விஷயம்தான். அனுமதி வருவதற்கு முன்பிருந்தே "யாருக்கும் தெரியாத, ஆனால் எங்கும் இருக்கும் நோய்" என்று விளம்பரப் பிரசாரம் நடந்தது. பத்திரிகைகளும் அப்படியே வாங்கிப் போட்டன. 2006-இல் வொலோஷின், ஷ்வார்ட்ஸ் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் அந்தப் பத்திரிகைச் செய்திகளை எல்லாம் எடுத்து அலசி, மீடியா எப்படி லேசான தொந்தரவு உள்ளவர்களையும் நோயாளி ஆக்குகிறது என்று கட்டுரை எழுதினார்கள். நல்ல கட்டுரை. இன்றும் படிக்கலாம்.

ஆனால் அந்தக் கட்டுரையைப் படிக்காமலே அதன் முடிவை மட்டும் தூக்கிக்கொண்டு திரிகிறவர்கள்தான் பிரச்சினை. நோயை ஊதிப் பெரிதாக்கினார்கள் என்பது வேறு, நோயே இல்லை என்பது வேறு. 2007-இல் ஐஸ்லாந்திலும் ஜெர்மனியிலும் நடந்த மரபணு ஆய்வுகள் இந்த நோயோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்களைக் கண்டுபிடித்தன. விளம்பரம் பார்த்தா ஜீன் மாறும்? பாட்டிக்கு இருந்தது, அம்மாவுக்கு இருக்கிறது, இப்போது பெண்ணுக்கும் என்று பல குடும்பங்களில் வரிசையாக வருவதன் காரணம் அதுதான். ஐரோப்பாவில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது உண்டு. ஆசியாவில் அதைவிடக் குறைவு. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. தூக்கத்தைக் கெடுத்து வைத்தியம் தேவைப்படும் அளவுக்கு இருப்பவர்கள் இதில் ஒரு பகுதிதான். அந்த ஒரு பகுதியே லட்சக்கணக்கில் வரும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த மாத்திரையின் கதை பிறகு தலைகீழாகப் போனது. ரோபினிரோல், பிராமிபெக்ஸோல் போன்றவை மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் செய்கிற வேலையைச் செய்பவை. முதல் வாரமே கால் அமைதியாகிவிடும், அற்புதம் போலத் தெரியும். வருடங்கள் போகப் போக, இரவு பத்து மணிக்கு வந்த குடைச்சல் மாலை ஐந்துக்கே வர ஆரம்பிக்கும். காலில் இருந்தது கைக்கும் ஏறும். டாக்டர் டோஸைக் கூட்டுவார். கொஞ்ச நாள் நிம்மதி. மறுபடி மோசம். மருந்தே நோயை வளர்க்கிறது! இதற்கு ஆகுமென்டேஷன் என்று பெயர். இதே குணமுள்ள லெவோடோபா என்ற பழைய மருந்தில் 1996-லேயே இதைக் கவனித்து எழுதியிருந்தார்கள். ரோபினிரோல் வகையைச் சாப்பிடுபவர்களில் வருடத்துக்கு நூற்றில் ஏழெட்டுப் பேர் இதில் போய் விழுகிறார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. போதாக்குறைக்கு, சிலருக்குக் கட்டுப்பாடில்லாமல் சூதாடும், ஷாப்பிங் செய்யும் ஆசை வேறு வரும். இது ஜோக் இல்லை, அங்கீகரிக்கப்பட்ட பக்க விளைவு.

2025 ஜனவரியில் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி புது வழிகாட்டி வெளியிட்டது. இருபது வருடம் முன் வரிசையில் உட்கார்ந்திருந்த டோபமைன் மாத்திரைகளை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்று அதில் சொல்லிவிட்டார்கள். (இப்போது அதைச் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடக் கூடாது. சட்டென்று நிறுத்தினால் நரகம். டாக்டரிடம் பேசி மெதுவாகக் குறைக்க வேண்டும்.) மாத்திரை தேவைப்படுபவர்களுக்கு கபாபென்டின், பிரிகாபலின் போன்றவை முன்னால் வந்திருக்கின்றன. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால், தொந்தரவு உள்ள ஒவ்வொருவருக்கும் முதலில் செய்யச் சொல்லியிருப்பது ரத்தத்தில் இரும்பு எவ்வளவு இருக்கிறது என்ற பரிசோதனை. 1953-இல் நார்ட்லாண்டர் காட்டிய இடத்துக்கே, சுற்றி வளைத்து, எழுபது வருடம் கழித்து வந்திருக்கிறார்கள்!

ஏன் எழுபது வருடம்? இரும்புச் சத்து மாத்திரையை விற்க எந்த ரெப்பும் ஏ.சி. ஹோட்டலில் டாக்டர்களுக்கு விருந்து வைக்க மாட்டார். பேடன்ட் இல்லாத, ஸ்ட்ரிப் சில ரூபாய்க்குக் கிடைக்கிற, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓசியில் கொடுக்கிற சரக்குக்கு விளம்பர பட்ஜெட் எங்கிருந்து வரும்? லாபம் இல்லாத உண்மைக்கு சேல்ஸ்மேன் கிடையாது. யாரும் சதி செய்யவில்லை. சதி செய்யாமலே இப்படி நடக்கும் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

இரும்புக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். காலுக்கு இல்லை, மூளைக்கு. மூளையில் டோபமைன் தயாராக ஒரு நொதி வேண்டும். அந்த நொதி வேலை செய்ய இரும்பு வேண்டும். 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆர்.எல்.எஸ். இருந்து இறந்தவர்களின் மூளையைப் பரிசோதித்தபோது செல்கள் எதுவும் அழிந்திருக்கவில்லை, ஆனால் குறிப்பிட்ட பகுதியில் இரும்பு குறைவாக இருந்தது. அதாவது ரத்தத்தில் ஓரளவு இரும்பு இருந்தாலும் இவர்களுடைய மூளைக்குப் போதுமான அளவு போய்ச் சேருவதில்லை. அதனால் ரத்தத்தில் இருப்பு கொஞ்சம் தாராளமாகவே இருக்க வேண்டும்.

இங்கேதான் பெரிய அநியாயம் நடக்கிறது. டாக்டர் ஹீமோகுளோபின் பார்க்கிறார். 12 இருக்கிறது. "ரத்தம் நல்லா இருக்கும்மா" என்று அனுப்பிவிடுகிறார். ஹீமோகுளோபின் என்பது கையில் இருக்கும் ரொக்கம். ஃபெரிட்டின் என்பது வங்கியில் இருக்கும் சேமிப்பு. ரொக்கம் தீர்வதற்கு வெகு முன்பே சேமிப்பு தீர்ந்துவிடும். கையில் காசு புழங்குகிறதே என்று பேலன்ஸைப் பார்க்காமல் விடுகிற கணக்குப்பிள்ளையை யாராவது வேலையில் வைத்திருப்பார்களா?

சரி, போராடி ஃபெரிட்டின் டெஸ்டும் எடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் 22 என்று வருகிறது. பக்கத்திலேயே லேப் அச்சடித்திருக்கும் நார்மல் எல்லை 10-இலிருந்தோ 13-இலிருந்தோ 15-இலிருந்தோ ஆரம்பிக்கும். ஆகவே 22 நார்மல். தடித்த எழுத்தில் கூட வராது. ஆனால் ஆர்.எல்.எஸ். உள்ளவருக்கு 2025 வழிகாட்டி வைத்திருக்கும் கோடு 75! ஒரு மில்லிலிட்டருக்கு 75 நானோகிராம், அல்லது அதற்குக் கீழே இருந்தால், அல்லது டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், இரும்பு கொடுக்கலாம். 75-க்கும் 100-க்கும் நடுவில் இருந்தால் வாய் வழியாகக் கொடுப்பதில் பிரயோஜனம் இல்லை, டிரிப்ஸாக ஏற்ற வேண்டும். லேப்பின் எல்லை சாதாரண ஆளுக்கானது. ராத்திரி மூன்று மணி வரை ஹாலில் நடக்கிற ஆளுக்கானது இல்லை. 22-ஐப் பார்த்து நார்மல் என்று சொல்கிறவர், அந்த நோயாளிக்கு இன்னும் பல வருட நடையை எழுதிக் கொடுக்கிறார்.

தேசியக் குடும்ப நல ஆய்வு 2019–21-இல் எடுத்த கணக்குப்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். அது ரொக்கமே தீர்ந்தவர்களின் எண்ணிக்கை. சேமிப்பு தீர்ந்தவர்களைச் சேர்த்தால் எங்கே போய் நிற்கும்? இப்படி ஒரு நாட்டில் ஒரு பெண் கால் குடைகிறது, தூக்கம் இல்லை என்று சொன்னால் முதலில் இரும்பைத்தானே சந்தேகிக்க வேண்டும்! கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது, கடைசி மூன்று மாதம் உச்சம். பெரும்பாலோருக்குப் பிரசவம் ஆனதும் போய்விடும். "எங்க காலத்துல இல்லாததா, எல்லாம் அப்படித்தான் இருக்கும்" என்று மாமியார் சொல்வது பாதி உண்மை. அவர்கள் காலத்திலும் இருந்தது. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கேட்காததன் விளைவு மெடிக்கல் ஷாப்பில் தெரிகிறது. தூக்கம் வரவில்லை என்றதும் அல்பிரசோலம். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம், விற்கிறார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். தூக்கம் வராதது இங்கே நோய் இல்லை, விளைவு. தண்ணீர் ஒழுகும் குழாயை விட்டுவிட்டுத் தரையைத் துடைக்கிற வேலை. இதைவிட மோசம், சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற, சாப்பிட்டால் தூக்கம் சொக்கும் பழைய வகை ஆன்டிஹிஸ்டமின் மாத்திரையைத் தூக்கத்துக்காகப் போடுவது. அது ஆர்.எல்.எஸ். உள்ளவருக்குக் குடைச்சலைக் கூட்டும்! கண் சொருகும், கால் விடாது. வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைட், மன அழுத்தத்துக்குத் தரும் பல மாத்திரைகள், மனநோய்க்கான சில மருந்துகள் எல்லாமே இதைத் தூண்டக் கூடியவை. மன அழுத்த மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, அது வேறு ஆபத்து. ஆனால் கால் எப்போது ஆரம்பித்தது, மாத்திரை எப்போது ஆரம்பித்தது என்று இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி டாக்டரிடம் காட்ட யாருக்கும் எம்.பி.பி.எஸ். தேவையில்லை. "ஒரு ரவுண்டு போட்டால் தூக்கம் வரும்" கோஷ்டிக்கும் இதே பதில்தான், சாராயமும் கூட்டும்.

இனி "கீரை சாப்பிட்டால் சரியாகிவிடும்" கட்சி. கீரை நல்லது, சாப்பிடட்டும். ஆனால் கீரையில் இருக்கும் இரும்பில் உடம்பில் சேருவது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் சாப்பாடு முடிந்த கையோடு குடிக்கும் டீ தடுத்துவிடும். காலுக்கென்று கொடுத்த அந்தக் கால்சியம் மாத்திரையைச் சாப்பாட்டோடு போட்டால் அதுவும் தடுக்கும். இதைக் கால் குடைச்சலுக்கு வைத்தியம் என்கிறார்கள்! 22-ஐ 75-க்குக் கொண்டுபோகக் கீரைக்கட்டு போதாது, மாத்திரை வேண்டும். வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறு மாதிரி வைட்டமின் சி உள்ளதோடு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாலும் நன்றாகவே சேர்கிறது, வயிற்றுக் கோளாறும் குறைவு. (ஸ்கூலில் கொடுத்த நீல மாத்திரையை ஜன்னல் வழியாக வீசிய தோழிகள் கவனிக்க.)

அதற்காக டெஸ்ட் எடுக்காமல் இரும்பை அள்ளி விழுங்கக் கூடாது. தலசீமியா போன்றவை இருப்பவர்களுக்கு உடம்பில் ஏற்கனவே இரும்பு தேங்கியிருக்கலாம், ஈரலைக் கெடுக்கும். ஆண்களுக்கோ மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ ஃபெரிட்டின் குறைவாக இருந்தால் மாத்திரை கொடுத்து அனுப்புவது மட்டும் வைத்தியம் ஆகாது. ரத்தம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். மூலமா, அல்சரா, குடலில் வேறு ஏதாவதா என்று. வருடம் தவறாமல் காலேஜ் கேம்ப்பில் ரத்தம் கொடுக்கும் நண்பர்களுக்கும் இது பொருந்தும். அங்கே ஹீமோகுளோபின் மட்டும்தான் பார்ப்பார்கள், ஃபெரிட்டின் பார்ப்பதில்லை. ரத்ததானம் வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. நாலைந்து தடவை கொடுத்தவருக்கு ராத்திரி கால் நமநமக்கிறது என்றால் ஒரு தடவை பார்த்துவிட்டு அடுத்த கேம்ப்புக்குப் போகலாம்.

சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் போகிறவர்களுக்கு இந்த நோய் மற்றவர்களைவிட ரொம்ப அதிகம். நான்கு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டிய மனிதருக்குக் கால் அசைத்தே தீர வேண்டும் என்ற நோய்... இதைவிடக் கொடுமை வேறு இல்லை. நர்ஸம்மா திட்டுவார், மெஷினில் அலாரம் அடிக்கும். குழந்தைகளுக்கும் வரும். "வளர்ற வயசு, கால் வலிக்கத்தான் செய்யும்" என்று அதை மூடிவிடுவார்கள்.

எல்லோருக்கும் இரும்பு வேலை செய்துவிடும் என்பதில்லை. 150 இருந்தும் குடைபவர்கள் உண்டு. அவர்களுக்குத்தான் அந்த மாத்திரைகள். ஆனால் அவை இரண்டாவது கேள்வி. முதல் கேள்வியையே கேட்காமல் இரண்டாவதுக்குத் தாவுவதும், இரண்டையும் கேட்காமல் தரித்திரம் என்று திட்டுவதும்தான் இங்கே நடப்பது.

இரும்பு ஏறக் குறைந்தது சில வாரம், பொதுவாக மூன்று மாதம் பிடிக்கும். அதுவரை? பாட்டி செய்த எல்லாமே கொஞ்ச நேரத்துக்கு வேலை செய்யும். காலைப் பிடித்துவிடுவது, துணி கட்டுவது, வெந்நீர் ஊற்றுவது, ஏறி மிதிப்பது. மாலையில் மிதமான நடை நல்லது. சாயங்காலத்துக்கு மேல் காபியை நிறுத்திப் பார்க்கலாம். கணக்குப் போடுவது, குறுக்கெழுத்து மாதிரி மூளையை இழுத்துப் பிடிக்கும் வேலை ஆச்சரியமாகக் காலை மறக்கடிக்கும். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ராத்திரி பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலோர சீட்டை விட்டுக்கொடுத்துவிட்டு நடைபாதை ஓரம் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். பக்கத்தில் படுப்பவர் "தூக்கத்தில் உதைக்கிறாய்" என்று புகார் சொன்னால் கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்த நோய் உள்ளவர்களில் நூற்றில் எண்பது பேருக்குத் தூக்கத்திலும் கால் தானாக வெட்டி இழுக்கும். அந்தப் புகாரையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

டெஸ்ட் எடுக்கப் போகும்போது: காலையில் போக வேண்டும், ஏற்கனவே இரும்பு மாத்திரை சாப்பிடுபவர் முந்தின நாளே அதை நிறுத்தியிருக்க வேண்டும், காய்ச்சல் அடிக்கும்போது போகக் கூடாது. காய்ச்சலில் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். செலவு தனியார் லேப்பில் பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்குள். ரிப்போர்ட் வந்ததும் பக்கத்தில் அச்சடித்திருக்கும் நார்மலைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டு, எண்ணை மட்டும் டாக்டரிடம் காட்டிக் கேட்க வேண்டும்: "எனக்கு ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் இருக்கு டாக்டர், 75 வேணும்னு சொல்றாங்களே, இது போதுமா?"